தாண்டச் சொல்வதற்கு முன்

துடைப்பக் கழியை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இறுகக் கட்டி, ஆறு மாதக் குட்டியை "தாண்டு, தாண்டு" என்று உசுப்பிவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். என் கண்ணில் படுவது அந்தக் கட்டுதான். கால் இடறினால் கழி கீழே விழ வேண்டும். கழி விழவில்லை என்றால் நாய் விழும்.

அஜிலிட்டி என்ற இந்தத் தடை தாண்டும் விளையாட்டு, 1978இல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் இடைவேளைக்காக, குதிரைகளின் தாண்டல் போட்டியைப் பார்த்து அமைக்கப்பட்டது. நாயும் ஆளும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது. வீட்டிலேயே தொடங்கலாம். தாண்டலில் மட்டும் தொடங்கக் கூடாது.

குட்டியின் கால் எலும்பு நுனிகளில் வளர்ச்சி நடக்கும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. சிறிய இன நாய்களுக்கு ஏறக்குறைய ஒரு வயதில் அது இறுகிவிடும். லாப்ரடார், ராஜபாளையம் போன்ற பெரிய உடம்புக்கு ஒன்றரை வயதுவரைகூட ஆகலாம். அதற்குள் அங்கே அடிபட்டால் கால் கோணலாகவே வளரக்கூடும். அதுவரை கழியைத் தரையிலேயே கிடத்தி நடக்கவிடுங்கள். அட்டைப் பெட்டிகளைத் திறந்து வரிசையாக வைத்தால் அதுவே சுரங்கம். கூப்பிட்டதும் வருவது, நில் என்றால் நிற்பது இரண்டும் படிந்த பிறகுதான் மற்றவை.

டைல்ஸ் தரை வேண்டாம், வழுக்கும். மொட்டை மாடி என்றால் புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத சூடு அதன் பாதத்துக்கும் ஆகாது. மூச்சிரைப்பு அடங்காமல் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். நொண்டினால் பயிற்சியை நிறுத்துங்கள். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. இப்யூப்ரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

பயிற்சியாளரை வைத்தால் கூடவே நில்லுங்கள். அடிப்பதும் உதைப்பதும் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய்தான் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அடித்து ஊனமாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. வீடியோவும் மருத்துவரின் சீட்டும் கையில் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் வலுவாக நிற்கும். கொடுத்த பணத்துக்கு ரசீது இருந்தால், சேவைக் குறைபாடு என்று இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் நாய் வளர்க்கவே கூடாது என்று சங்கம் பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டாலும், அப்படித் தடுக்க முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015லேயே வழிகாட்டியிருக்கிறது. மாநகராட்சி உரிமத்தையும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். கீழ்வீட்டுக்காரருக்குத் தலைக்கு மேல் தொப்பென்று சத்தம் கேட்கும் என்பதும் உண்மைதான். கயிற்றுப் பாயோ ரப்பர் விரிப்போ போட்டு, அவர் எழுந்த பிறகு ஆரம்பியுங்கள்.