கெடாத ஏரிக்கு வைத்தியம்

நியூசிலாந்தின் வடக்குத் தீவுக்கு நடுவே இருக்கிறது டௌபோ ஏரி. கறுப்பும் வெள்ளையுமாகச் சாயம் அடித்த ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி அதில் இறக்கினால், சுமார் 15 மீட்டர் ஆழம் போகும்வரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். எரிமலை வெடித்து உண்டான பள்ளத்தில் 616 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேங்கி நிற்கும் தண்ணீர். டிரவுட் மீன் பிடிக்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் அதன் கரையில் நின்றவர்கள் யாரும் இந்த ஏரிக்கு ஏதோ நோய் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் வைகாட்டோ வட்டார கவுன்சில் அப்போதுதான் வைத்தியத்தைத் தொடங்கியது.

அந்த நாட்டின் உள்ளாட்சி அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. குப்பை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாம் நகர, மாவட்ட கவுன்சில்களின் பாடு. ஆறு, ஏரி, நிலத்தடி நீர், மண், காற்று ஆகியவை வட்டார கவுன்சிலின் பொறுப்பு. வெள்ளத் தடுப்புக் கரை கட்டுவதும், காட்டை மேய்ந்து அழிக்கும் பாஸம் என்ற விலங்கை ஒழிப்பதும், பல இடங்களில் டவுன் பஸ் ஓட்டுவதும்கூட அதன் வேலைதான். 1989-இல் உள்ளாட்சிகளைத் திருத்தி அமைத்தபோது, பெரும்பாலும் ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியை ஒட்டியே இந்த வட்டாரங்களுக்கு எல்லை வகுத்தார்கள். டௌபோவிலிருந்து புறப்படும் வைகாட்டோ ஆறு 425 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. வழியில் வரிசையாக நீர்மின் நிலையங்கள். ஆக்லாந்து நகரத்தின் குடிநீரில் ஒரு பங்கும் இந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. மலையில் நடக்கும் தவறுக்குச் சமவெளியில் இருப்பவன் கேள்வி கேட்க முடிகிற ஏற்பாடு இது. ஆற்றை நடுவில் வெட்டி இரண்டு நிர்வாகங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு வழக்காடுகிற நமக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான் வரும்.

டௌபோவுக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் கிடந்தது. ரோட்டோருவா ஏரியில் 1991 வரை ஊரின் கழிவுநீர் கலந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்த பண்ணைகளின் சத்தும் அதில் சேர்ந்தது. பாசி படர்ந்தது. 2006 முதல் அந்த ஏரிக்கு வரும் ஓடையில் படிகாரம் கலந்து பாஸ்பரஸைக் கட்டுப்படுத்துகிறார்கள். கெட்ட ஏரிக்கு ஆகும் செலவு அது. கெடாமல் காப்பது மலிவு என்று சொல்வது சுலபம். ஓட்டுப் போடுகிறவர்களிடம் அதற்குப் பணம் கேட்பது அவ்வளவு சுலபமல்ல.

டௌபோவின் எதிரி எந்த ஆலைக் குழாயிலிருந்தும் வரவில்லை. மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் மாட்டிடமிருந்து வந்தது. பசு சிறுநீர் கழிக்கும் சிறு திட்டில் நைட்ரஜன் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. நம் ஊர் விவசாயி தழைச்சத்து என்பாரே, அதுதான். புல் உறிஞ்சியது போக மீதி, நுரைக்கல் மண் வழியே நிலத்தடி நீருக்கு இறங்கிவிடுகிறது. அங்கிருந்து ஏரிக்குப் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். ஆக, இன்று ஏரிக்கு வந்துகொண்டிருப்பதில் தாத்தா காலத்துப் பண்ணையின் கணக்கும் அடக்கம். பேரனின் கணக்கு இன்னும் பூமிக்குள் இருக்கிறது. தட்டு தெரிகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும்.

நைட்ரஜனுக்கு உச்சவரம்பு கட்டும் திட்டத்தைக் கவுன்சில் 2005-இல் முன்வைத்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள். சுற்றுச்சூழல் நீதிமன்றம் வரை போய், 2011-இல்தான் விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு கிலோ நைட்ரஜன்தான் மண்ணில் இறங்கலாம் என்று ஒதுக்கீடு. கூடுதலாக மாடு வளர்க்க விரும்புகிறவர், குறைத்துக்கொள்ளும் இன்னொரு பண்ணையிடமிருந்து அந்த ஒதுக்கீட்டை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். மேய்ச்சல் நிலத்திலிருந்து பரவலாகக் கசியும் மாசுக்கு இப்படி உச்சவரம்பும் சந்தையும் வைத்தது உலகிலேயே ஏறக்குறைய முதல் முயற்சி.

வரம்பு மட்டும் போதாது, இருப்பதிலும் 20 சதவீதம் குறைய வேண்டும் என்பது இலக்கு. அதற்காக 2007-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். சுமார் 8 கோடி நியூசிலாந்து டாலர் நிதி. மைய அரசும், வட்டார கவுன்சிலும், டௌபோ மாவட்ட கவுன்சிலும் பங்கு கொடுத்தன. அறக்கட்டளை விவசாயிகளிடமிருந்து ஒதுக்கீட்டை வாங்கி நிரந்தரமாக ரத்து செய்தது. சில மேய்ச்சல் நிலங்கள் பைன் காடாயின. 170 டன் குறைப்பு என்ற இலக்கை 2015-இலேயே எட்டிவிட்டார்கள். வரம்புக்குள் வளர்த்த மாட்டின் இறைச்சியை ‘டௌபோ பீஃப்’ என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கும் முயற்சியும் முளைத்தது.

இதுவரை கேட்கச் சுகமாக இருக்கும் கதை. எனக்கு நெருடுவது ஒதுக்கீடு செய்த முறை. 2001-க்கும் 2005-க்கும் இடையே ஒரு பண்ணை எவ்வளவு நைட்ரஜன் கசியவிட்டதோ, அதையே அதன் உரிமையாக எடுத்துக்கொண்டார்கள். நிறைய மாடு வைத்துப் பிழிந்தவருக்குப் பெரிய உரிமை. நிலத்தைக் காடாகவே விட்டுவைத்தவருக்குக் கிடைத்தது சொற்பம். ஏரியைச் சுற்றி அப்படிப் பெருமளவு நிலத்தைக் காடாக வைத்திருந்தவர்கள் அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள். அடக்கமாக இருந்தவன் கையில் வெறும் தட்டு. நடைமுறைச் சமரசம் என்று அதிகாரிகள் சொல்லலாம். பண்ணைகளோடு மோதாமல் திட்டம் பிழைக்க வேறு வழி இருந்ததா என்பதும் நியாயமான கேள்விதான். ஆனாலும் அநீதி அநீதியே.

அளப்பதிலும் சிக்கல். மண்ணுக்குள் இறங்கும் நைட்ரஜனை ஒவ்வொரு வயலிலும் தோண்டிப் பார்க்க முடியாது. ‘ஓவர்சீயர்’ என்ற கணினி மென்பொருள் மாடு, புல், உரம், மழை எல்லாவற்றையும் வைத்துக் கணித்துச் சொல்கிறது. உரப் பயன்பாட்டுக்கு ஆலோசனை சொல்லப் பிறந்த மென்பொருளை விதி அமல்படுத்தவும் பயன்படுத்தினார்கள். அரசு நியமித்த அறிவியல் குழு 2021-இல் அதன் கணிப்புகள் மீது நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டது.

ஏரியின் அடித்தளம் ங்காத்தி டூஃபரெட்டோவா என்ற மாவோரி குலத்துக்குச் சொந்தம். 1926-இல் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டதை 1992-இல் ஒப்பந்தம் மூலம் அவர்களின் வாரியத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 2020-இல் இன்னொரு படி: ஏரியின் நீர்த் தரத்தைக் கண்காணிக்கும் பணியைக் கவுன்சில் சட்டப்படியே அந்த வாரியத்திடம் ஒப்படைத்தது. இப்படி ஒப்படைக்க இடம் தரும் சட்டப்பிரிவு 1991 முதல் புத்தகத்தில் இருந்தும், ஒரு மாவோரி அமைப்புக்கு அதிகாரம் கைமாறியது அதுவே முதல் முறை. சொந்த ஏரியின் தண்ணீரைத் தாங்களே அளக்க அந்த மக்களுக்கு 29 ஆண்டு ஆகியிருக்கிறது.

வட்டார கவுன்சில் உறுப்பினர்களை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நைட்ரஜன் ஏரிக்கு வந்து சேர்வதோ அவர்களின் பதவிக்காலத்தைப் போலப் பல மடங்கு தாமதமாக. இந்த இடைவெளியில்தான் வட்டார கவுன்சில்கள் அடிபடுகின்றன. தென் தீவில் கேன்டர்பரி வட்டார கவுன்சில் தண்ணீர் விவகாரத்தில் தாமதிக்கிறது என்று சொல்லி, 2010-இல் மைய அரசு தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களையே நீக்கி ஆணையர்களை அமர்த்தியது. முழுமையான தேர்தல் திரும்ப வந்தது 2019-இல்தான். 2025 நவம்பரில் இன்னொரு முன்மொழிவு வந்தது: வட்டார கவுன்சில்களுக்குத் தனியாக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, அந்தந்த வட்டாரத்து மேயர்களே கூடி வாரியமாக அமரலாம் என்கிறது அரசு. செலவு குறையும், அனுமதிகள் வேகமாகக் கிடைக்கும் என்பது அரசின் வாதம்.

மேயர் என்பவர் ஊரை வளர்ப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மனை விரிய வேண்டும், தொழில் வர வேண்டும் என்று ஓட்டு வாங்கியவர். கழிவுநீரை ஆற்றில் விட அனுமதி கேட்டு வட்டார கவுன்சிலின் படியேறுவதும் அவருடைய கவுன்சில்தான். நாளை அனுமதி கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே மேசையில் இருந்தால், பேரன் காலத்து நைட்ரஜனுக்காக அந்த மேசையில் பேசுவது யார்?