பெருந்தொற்றும் மலையகக் குடும்பங்களும்

2021 செப்டம்பரில் நமது நாட்டின் சுகாதார அதிகாரிகள் வழமைக்கு மாறான வேண்டுகோள் ஒன்றை விடுத்தனர். புதிதாகத் திருமணம் செய்தவர்களும் குழந்தை பெற எண்ணியிருப்போரும் அதனை ஓராண்டுக்காவது தள்ளிப்போட வேண்டும் என்பதே அது. கொவிட் மூன்றாம் அலையில் நான்கு மாதங்களுக்குள் 40க்கும் அதிகமான கர்ப்பிணித் தாய்மார் அந்நோயால் இறந்திருந்தனர்.

நோய் பரவும்போது தம்பதியரின் எண்ணம் ஏன் மாறுகிறது? உயிர்ப்பயம் ஒரு காரணம். வருமானம் குறைவது மற்றொன்று. அமெரிக்காவில் 2020இல் நடந்த ஆய்வொன்றில், மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் குழந்தைப்பேற்றைப் பிற்போடவோ குறைத்துக்கொள்ளவோ விரும்புவதாகக் கூறினர். ஆனால் விரும்புவது வேறு, அதற்கு வழி கிடைப்பது வேறு. கொவிட்டின் முதல் ஆண்டில் 115 நாடுகளில் சுமார் 1 கோடியே 20 இலட்சம் பெண்களுக்குக் குடும்பத் திட்டச் சேவை தடைப்பட்டது என்றும், அதனால் 14 இலட்சம் எதிர்பாராத கருத்தரிப்புகள் ஏற்பட்டன என்றும் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் மதிப்பிட்டது.

மலையகத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே வந்தன. 2020 மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. தேயிலைத் தொழிலுக்கு விலக்கு அளிக்கப்பட்டதால் ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் கொழுந்து பறிப்பது நிற்கவில்லை. ஆனால் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த பலர் ஊர் திரும்பினர். அவர்கள் அனுப்பிய பணம் நின்றது. சிறிய லயன் அறைகளில் ஆட்கள் கூடினர். அன்று அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய் மட்டுமே. "இப்போது இன்னொரு பிள்ளை வேண்டாம்" என்று ஒரு தாய் எண்ணுவதற்கு இவை போதாதா?

அதே வேளை பஸ் ஓடவில்லை. கிளினிக்குகள் வழமைபோல் நடைபெறவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி தவறினாலோ, மாத்திரை தீர்ந்தாலோ பாதுகாப்பும் போய்விடும். லூப் போன்ற, ஆண்டுக்கணக்கில் பயன்தரும் முறைகளைக் கைக்கொண்டவர்களுக்கு இந்த நெருக்கடி குறைவு.

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. எல்.ஆர்.டி. எனப்படும் நிரந்தரச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்கள் ஏனைய பகுதிகளை விடத் தோட்டப்புறங்களில் அதிகம். தொற்று ஒருநாள் நீங்கிவிடும். ஆனால் அச்சத்தில் செய்துகொண்ட நிரந்தரச் சிகிச்சையை மாற்றுவது மிகக் கடினம். தற்காலிகத் துன்பத்துக்குத் தற்காலிக முறையே பொருத்தமானது.

2019இல் நாட்டில் ஏறத்தாழ 3 இலட்சத்து 19 ஆயிரம் பிறப்புகள் பதிவாகின. 2023இல் அது சுமார் 2 இலட்சத்து 48 ஆயிரமாகக் குறைந்தது. இதற்குத் தொற்று மட்டும் காரணமன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியும் இளைஞர்கள் வெளிநாடு சென்றதும் இதில் சேரும்.

அல்குர்ஆனின் சூரத்துல் பகரா 233ஆம் வசனம், குழந்தையின் பாலை மறக்கச் செய்வதைக்கூடப் பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்து முடிவு செய்யலாம் என்று வழிகாட்டுகிறது. பால்குடி மறக்கச் செய்யவே இருவரின் சம்மதமும் வேண்டுமென்றால், ஒரு குழந்தையின் வருகைக்கு அது எவ்வளவு அவசியம்! அந்த முடிவைக் கணவனோ, மாமியாரோ, அதிகாரியோ தனித்து எடுக்கலாகாது. மருத்துவமாதுவிடம் கேட்டறிந்து, கணவனும் மனைவியும் சேர்ந்து எடுக்கும் முடிவே குடும்பத்துக்கு நலம் தரும்.