7825 வரை வண்ணம் அடிக்க முடியுமா?

சிவப்பு, நீலம் என்று இரண்டு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3 என்று வரிசையாக எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டில் ஒரு வண்ணம் அடியுங்கள். விதி ஒன்றே ஒன்றுதான். 3, 4, 5 என்ற எண்களைப் பாருங்கள்: 3-இன் வர்க்கத்தையும் 4-இன் வர்க்கத்தையும் கூட்டினால் 5-இன் வர்க்கம் வரும். பிதாகரஸ் தேற்றத்தில் படித்திருப்பீர்கள். 5, 12, 13-உம் அப்படித்தான், 6, 8, 10-உம் அப்படித்தான். இப்படிச் சேரும் மூவர் எங்கே வந்தாலும் மூன்று பேருக்கும் ஒரே வண்ணம் இருக்கக் கூடாது.

எதுவரை இப்படி அடித்துக்கொண்டே போகலாம்? அமெரிக்கக் கணித அறிஞர் ரொனால்ட் கிரகாம் இந்தப் புதிரை அவிழ்ப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று 1980-களில் அறிவித்தார். 2016-இல்தான் விடை கிடைத்தது. மரைன் ஹூலே, ஆலிவர் குல்மான், விக்டர் மாரெக் என்ற மூவர் கணினியை வைத்துக் கண்டுபிடித்தார்கள். 7824 வரை அடிக்கலாம். 7825-க்கு வந்தால், என்ன செய்தாலும் எங்காவது ஒரு மூவர் ஒரே வண்ணத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

கணினிதானே, எல்லா வழிகளையும் அடித்துப் பார்த்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஓர் எண்ணுக்கு 2 வழி, இரண்டு எண்ணுக்கு 4, மூன்றுக்கு 8. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் 7825 எண்களுக்கு வருகிற தொகையில் 2356 இலக்கங்கள் இருக்கும். பிரபஞ்சம் தோன்றிய நாள் முதல் உலகத்துக் கணினிகள் எல்லாம் ஓடியிருந்தாலும் அதில் ஒரு துளி கூட முடிந்திருக்காது. ஆனால் ஹூலே குழுவின் வேலை, 800 செயலிகள் சேர்ந்து உழைத்ததில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்து மீக்கணினியில் சுமார் இரண்டே நாளில் முடிந்தது.

எப்படி? வேண்டாத வேலையைச் செய்யாமல் விட்டதால்தான்!

இப்படிப்பட்ட புதிர்களைத் தீர்க்கும் நிரல்களுக்கு சாட் சால்வர் என்று பெயர். இவற்றின் முதல் தந்திரம் 1960-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மார்ட்டின் டேவிஸ், ஹிலரி புட்னம் முதலியோர் கொடுத்தது. 3-க்கும் 4-க்கும் சிவப்பு அடித்தாயிற்று என்றால் 5-க்கு யோசிக்கவே வேண்டாம், நீலம்தான். 5 நீலமாகி, 12-உம் நீலமாக இருந்தால் 13 சிவப்புதான். ஒரு முடிவு எடுத்தால் பல முடிவுகள் தானாக விழும். எங்காவது முட்டிக்கொண்டால், பின்னால் வந்து வேறு வண்ணம் போட்டுப் பார்க்கலாம்.

நல்ல முறைதான், ஆனால் மறதிக்காரன். 15-உம் 20-உம் சிவப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 15, 20, 25 ஒரு மூவர் என்பதால் 25 நீலமாக வேண்டும். அதே நேரம் 7-உம் 24-உம் நீலம். 7, 24, 25-உம் மூவர்தான், அதனால் 25 சிவப்பாக வேண்டும். மாட்டிக்கொண்டோம். பழைய நிரல் என்ன செய்யும்? கடைசியாக எந்த எண்ணுக்கு வண்ணம் அடித்ததோ அதை மாற்றிப் பார்க்கும். பாவம், பல நேரம் அந்த எண்ணை மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் மாறாது. மறுபடி அதே இடத்தில் முட்டும். மறுபடியும், மறுபடியும்.

1996-இல் ஜுவாவ் மார்க்கஸ் சில்வா, கரீம் சகல்லா இருவரும் உருவாக்கிய கிராஸ்ப் என்ற நிரல் வேறு மாதிரி. முட்டியதும் அது நின்று, யாரால் வந்தது என்று விசாரிக்கும். ‘15, 20 சிவப்பு, 7, 24 நீலம், இந்த நான்கும் ஒன்றாக வரவே கூடாது’ என்று ஒரு புதிய விதியை எழுதிக்கொள்ளும். நடுவில் வண்ணம் அடித்த நூறு அப்பாவி எண்களைத் தாண்டி, தப்பு தொடங்கிய இடத்துக்கே ஒரே தாவாகத் தாவும். அந்த ஒரு விதி, இனி பார்க்கவே தேவையில்லாத கோடானுகோடி வழிகளை அடைத்துவிடும். இந்தத் துறையிலேயே பெரிய கண்டுபிடிப்பு இதுதான் என்பது என் கட்சி.

ஆனால் விதிகள் சேரச் சேர இன்னொரு தொல்லை. ஒவ்வொரு முறை வண்ணம் அடிக்கும்போதும் லட்சக்கணக்கான விதிகளை எடுத்துப் பார்க்க வேண்டுமே? நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு இதிலேயே போய்க்கொண்டிருந்தது. 2001-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஷரத் மாலிக் குழு சாஃப் என்ற நிரலில் இதற்கு வழி சொன்னது. உங்கள் தெருக் கிரிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விதி என்பது ஓர் அணி, அதில் வரும் எண்கள்தான் ஆட்டக்காரர்கள். விதி வேண்டாம் என்ற வண்ணம் விழுந்தால் அந்த எண் அவுட். அதில் யார் அவுட்டானார் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், களத்தில் நிற்கும் இரண்டு பேரை மட்டும் பார்த்தால் போதும். ஒருவர் அவுட்டானால் அடுத்தவரை இறக்கு. இறக்க ஆள் இல்லையா? அப்போதுதான் கவலை: மிச்சமிருக்கும் ஒற்றை ஆள் கட்டாயம் அடித்தே ஆக வேண்டும், அதாவது அந்த எண்ணின் வண்ணம் முடிவாகிவிட்டது. மற்ற நேரமெல்லாம் அந்த விதியைத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. முன்னே இருந்த நிரல்களைவிட சாஃப் பல மடங்கு வேகமாக ஓடியது.

இது வெறும் விளையாட்டுப் புதிருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 1994-இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லு சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போட்டது. அந்தப் பிழைக்காக நிறுவனம் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, சில்லு தொழிற்சாலைக்குப் போகும் முன்பே அதன் வடிவமைப்பைத் தர்க்க நிரல்களைக் கொண்டு சோதிப்பதில் நிறுவனங்கள் அதிக அக்கறை காட்டின. கேட்டதற்கெல்லாம் சரளமாகப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு இன்று எல்லார் வாயிலும் இருக்கிறது. அது தப்பையும் அதே சரளத்தோடு சொல்லும். சாட் சால்வருக்குப் பேச்சு வராது, ஆனால் ‘முடியாது’ என்று சொன்னால் ஏன் முடியாது என்பதற்கு ஆதாரம் நீட்டும்.

7825-க்கு அது நீட்டிய ஆதாரத்தின் அளவு 200 டெராபைட். மனிதர் யாரும் படித்துத் தீராது. அதைச் சரிபார்க்கத் தனியாக இன்னொரு நிரல் வேண்டியிருந்தது. கிரகாம் சொன்ன சொல் தவறாமல் 100 டாலரைக் கொடுத்தார்.

நீங்கள் 30 வரை முயன்று பாருங்கள். அதற்குள் 11 மூவர் இருக்கிறார்கள், எல்லாரையும் முதலில் கண்டுபிடியுங்கள். அது முடிந்தால், சிவப்பு, நீலத்தோடு பச்சையும் சேர்த்தால் எதுவரை போகலாம் என்று யோசியுங்கள். மூன்று வண்ணக் கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை.