உங்களுக்குத் தெரியுமா? பவுல் பாடிய தலைகீழ்ப் பெருமை

கி.பி. 55-ஐ ஒட்டிய ஆண்டுகள். கொரிந்து சபைக்குள் புதிதாக நுழைந்த போதகர்கள் சிலர் தங்கள் குலத்தையும் நாவன்மையையும் பறைசாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போஸ்தலரான பவுலுக்குப் பேசவே வராது, நேரில் பார்த்தால் பலவீனமான ஆள் என்ற ஏளனம் வேறு.

அவர் எழுதிய பதில்தான் 2 கொரிந்தியர் 11, 12 அதிகாரங்கள். எதிராளிகளை அப்போஸ்தலர்களிலேயே உயர்ந்தவர்கள் என்று வஞ்சப்புகழ்ச்சியாக மெச்சிவிட்டு, புத்தியில்லாதவனைப்போல் தானும் தற்பெருமை பேசுகிறார். எதைப் பற்றி? ஐந்து முறை வாங்கிய சாட்டையடி, மூன்று முறை வாங்கிய பிரம்படி, ஒரு கல்லெறி, மூன்று கப்பற்சேதம்!

உச்சம் தமஸ்கு சம்பவம். பகைவர் மதிலில் முதலில் ஏறும் வீரனுக்கு ரோமப் படை பொற்கிரீடம் சூட்டும். பவுலோ இரவோடிரவாகக் கூடையில் அமர்ந்து மதிலிலிருந்து இறக்கப்பட்டுத் தப்பியதைப் பெருமைப் பட்டியலில் சேர்க்கிறார். அந்தக் கிரீடத்தை மனத்தில் வைத்தே இதை எழுதினார் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. கொரிந்தியரிடம் காசு வாங்காமல் ஊழியம் செய்த ‘அநியாயத்துக்கு’ மன்னிப்பும் கேட்கிறார். வாசித்த சபையார் கூசிப்போயிருப்பார்கள்.

இப்படி எள்ளலால் பதிலடி கொடுக்கும் உத்தி பவுலோடு நின்றுவிடவில்லை. சுமார் 197-இல் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், வெள்ளம் வந்தாலும் பஞ்சம் வந்தாலும் கிறிஸ்தவர்களையே சிங்கத்துக்குப் போடச் சொன்ன கூட்டத்திடம், இத்தனை பேருக்கும் ஒரே சிங்கமா என்று கேட்டார்.

பவுலின் அந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.