மூளையற்ற உயிர்களின் உறக்கம்

உறக்கம் என்பது மூளையின் ஓய்வு என்றே நாம் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளோம். அரபு நூல்களில் அரிஸ்தூ என வழங்கப்பெறும் அரிஸ்டாட்டில், உறக்கத்தைப் பற்றித் தனி நூலே இயற்றினார். ஏறத்தாழ எல்லா விலங்குகளும் உறங்குகின்றன என்றும், உண்ட உணவிலிருந்து எழும் ஆவி தலைக்கேறுவதே அதற்குக் காரணம் என்றும் அதில் அவர் கூறினார். காரணம் பிழையாயிற்று, ஆயினும் அவரது கூற்றுக்கு வலுவூட்டும் சான்றுகள் பெருகி வருகின்றன.

அசையாதிருப்பதெல்லாம் உறக்கமாகுமா? ஆகாது. உறங்கும் உயிரைத் தூண்டினால் விரைவில் விழிக்க வேண்டும். இன்றேல் அது மயக்கமாகும். புறத்தூண்டலை அது தாமதமாக உணர வேண்டும். உறக்கம் கெட்டால், பின்னர் கூடுதலாக உறங்கி ஈடுசெய்ய வேண்டும். இம்மூன்றுமே உறக்கத்தின் அடையாளங்கள்.

காசியோபியா என்பது ஆழமற்ற வெப்பக் கடல்களில் தலைகீழாகக் கிடக்கும் ஒருவகைச் சொறிமுட்டை. அதற்கு நரம்பு வலை உண்டு, மூளை இல்லை. பகலில் நிமிடத்துக்குச் சுமார் 58 முறை சுருங்கி விரியும் அதன் உடல், இரவில் சுமார் 39 முறையே துடிப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர். அது தங்கியிருந்த தளத்தைத் திடீரென அகற்றியபோது, பகலில் உடனே கீழே நீந்தியது. இரவில் சற்றுத் தயங்கியது. இரவு முழுதும் நீரைப் பீய்ச்சி உறக்கத்தைக் கெடுத்தபோது, மறுநாள் பகலில் சோர்ந்து கிடந்தது. அடையாளங்கள் மூன்றும் பொருந்தின.

நன்னீரில் வாழும் ஹைட்ராவைப் பற்றிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. அதன் உறக்கமும் விழிப்பும் சுமார் 4 மணி நேரச் சுழற்சியில் மாறி மாறி வருகின்றன. நம் உறக்கத்துக்குத் துணைபுரியும் மெலட்டோனின் அதையும் உறங்கச் செய்கிறது. நம்மை விழிப்பூட்டும் டோபமினோ அதற்கு உறக்கத்தையே தருகிறது! பொருள்கள் ஒன்றாயினும் அவற்றின் பணி மாறியிருப்பது வியப்புக்குரியது. உறக்கம் கெடுக்கப்பட்ட ஹைட்ராக்களில் செல்களின் பெருக்கம் குன்றியதும் கண்டறியப்பட்டது. இதுவே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

சிந்திக்க மூளையும் நினைக்கக் கனவும் இல்லாத உயிர் ஏன் உறங்க வேண்டும்? உறக்கம் அறிவின் களைப்பைப் போக்குவதற்கு மட்டும் உரியதன்று, உடலின் பராமரிப்புக்கும் உரியது என்பதே இதிலிருந்து நாம் பெறும் விடை. மூளை தோன்றுவதற்கு முன்பே உறக்கம் தோன்றியிருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் கருதுவதும் இதனாலேயே.

இரவைப் பகலாக்கி உழைப்பதைப் பெருமையாகக் கொள்ளும் காலம் இது. உறக்கத்தை வீண் பொழுதெனக் கருதுவோர், சேற்றில் கிடக்கும் சொறிமுட்டையும் அக்கடனைத் திருப்பிச் செலுத்தியே தீர்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.