ஆரஞ்சு சாயம் கொட்டிய சனிக்கிழமை

சாலையோர மரத்தின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பெருக்கல் குறி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். வெட்டப்போகும் மரத்துக்கு இடும் அடையாளம் அது. காட்டிலும் இதே கதைதான். தீபகற்ப மலேசியாவில் 1978-இல் தேர்ந்தெடுத்து வெட்டும் முறை வந்தபிறகு, முதலில் கணக்கெடுப்பு, பிறகு அடையாளம், கடைசியில்தான் ரம்பம்.

என் தாய்மாமா ஜார்ஜ்டவுனில் மரம் கழிக்கும் குத்தகை வேலை செய்கிறார். 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கைப் புயலும் வெள்ளமும் புரட்டிப் போட்டபோது, சாய்ந்த மரங்களை அகற்ற ஆள் போதாமல் என்னையும் அழைத்தார். அன்று தொடங்கியது. வார நாள்களில் கணினி முன்னால் உட்காரும் நான், சனிக்கிழமை என்றால் மாமாவின் லோரியில் இருப்பேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, சாய டின்னின் மூடியைச் சரியாக அழுத்தாமல் லோரியில் ஏற்றிவிட்டேன். கிரீன் லேன் பக்கம் ஒரு வளைவில் டின் கவிழ்ந்தது. இறங்கிப் பார்த்தால் செயின்சா, பாராங், தலைக்கவசம், மாமா மரமேறும் கயிறு, எல்லாமே ஆரஞ்சு. மாமா தேநீர் வாங்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் துடைத்துவிடலாம் என்று தின்னர் போத்தலைத் திறந்தேன். முதலில் கையில் கிடைத்தது தலைக்கவசம். பளபளவென்று ஆக்கிவிட்டேன்.

திரும்பி வந்த மாமா திட்டவில்லை. “மாப்ளே, தலைக்கவசத்துல தின்னர் போட்டியா?” என்று மட்டும் கேட்டார். அதைத் தனியே எடுத்து வைத்தார். “இனி இது தலைக்கு ஆகாது.”

தின்னர் சில வகைப் பிளாஸ்டிக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் பலவீனப்படுத்திவிடும். மேலே மினுங்கும், கிளை விழும்போது பிளந்துகொள்ளும். தலைக்கவசத்தை மிதமான சோப்பு நீரில்தான் கழுவ வேண்டும். அதில் போகாத சாயம் என்றால், தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்க்க வேண்டும் அல்லது புதிதாக வாங்கிவிட வேண்டும்.

இரும்புக்கு ஒரு வழி, பிளாஸ்டிக்குக்கு ஒரு வழி

அன்று வேலையை நிறுத்திவிட்டு, மாமா ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். முதலில் டின்னில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னார். தண்ணீர்ச் சாயம் என்றால், காய்வதற்குள் வெதுவெதுப்பான சோப்பு நீரே போதும். எண்ணெய்ச் சாயத்துக்குத்தான் டர்பன்டைனோ தின்னரோ தேவைப்படும். பெட்ரோல் கூடவே கூடாது. அதன் ஆவி ஒரு சிறு பொறியிலேயே பற்றிக்கொள்ளும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், சிகரெட் இல்லாமல் வேலை நடக்க வேண்டும்.

பாராங் எளிது. மரச்சில்லால் சுரண்டி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, எண்ணெய் பூசினால் முடிந்தது. மரப்பிடியில் இறங்கிய சாயத்தை மணல்தாள் போட்டுத் தேய்த்தெடுத்தோம். பிடியில் சாயம் இருந்தால் கீழே இருக்கும் விரிசல் தெரியாது.

செயின்சாவுக்குத்தான் பொறுமை வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிய பிறகே கை வைக்கலாம். தின்னரை ஊற்றவே கூடாது. துணியில் கொஞ்சம் தொட்டு, மறைவான ஓர் இடத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் மங்கினாலோ பிசுபிசுத்தாலோ அத்தோடு நிறுத்திவிட வேண்டும். ரப்பர் பாகங்களிலும் எண்ணெய்க் குழாயிலும் தின்னர் படக்கூடாது. என்ஜினின் உலோக மடிப்புகளில் சாயம் அடைத்தால் சூடு வெளியேறாது. அங்கே பழைய பல் துலக்கியால் தேய்த்தோம். விசை ஒட்டிக்கொள்கிறதா, சங்கிலி பிரேக் சட்டென்று பிடிக்கிறதா என்று சோதித்த பிறகுதான் மாமா அதைப் பெட்டியில் வைத்தார். விசை ஒட்டிக்கொண்டால், விரலை எடுத்த பிறகும் சங்கிலி ஓடும்.

கயிறு

கடைசியில் கயிறு. ஒரு முழ நீளத்துக்குத்தான் சாயம் பட்டிருந்தது. “கழுவிப் பார்க்கலாமே மாமா” என்றேன். அதன் விலை அவருக்குச் சில நாள் கூலி என்று எனக்குத் தெரியும்.

“நைலான் கயிறு, சாயமும் தின்னரும் உள்ளே போய் என்ன செய்யும்னு வெளியிலிருந்து தெரியாது. தெரியாத கயித்துல நான் தொங்க மாட்டேன். உன்னையும் தொங்க விடமாட்டேன்.” சொல்லிக்கொண்டே பாராங்கை எடுத்து நாலு துண்டாக வெட்டினார். முழுசாக வைத்திருந்தால், ஒருநாள் யாராவது அவசரத்தில் எடுத்து ஏறிவிடுவார்களாம்.

மிச்சமிருந்த தின்னரைச் சாக்கடையில் கொட்டப் போனேன். அதற்கும் தடுத்தார். நம் சாக்கடை நீர் ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகிறது. தொழிலில் மிஞ்சும் சாயமும் சாயம் பட்ட துணியும் 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பட்டியலிடப்பட்ட கழிவுகள். உரிமம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அதுவரை மூடிய டின்னில் இருக்கட்டும் என்றார். எண்ணெய்ச் சாயம் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்று, அவற்றை வெளியே விரித்துக் காயப் போட்டார்.

வீட்டில் கதவுக்குச் சாயம் அடிக்கும்போது மோட்டார்சைக்கிள் தலைக்கவசத்தில் தெறித்தாலும் இதே பாடம்தான். தின்னரை எடுக்காதீர்கள்.

புதுக் கயிற்றுக்குப் பாதிப் பணம் நான் கொடுத்தேன். முதலில் மறுத்த மாமா, பிறகு வாங்கிக்கொண்டார். பழைய கயிற்றுத் துண்டுகள் இப்போது லோரியின் தார்ப்பாயைக் கட்ட உதவுகின்றன. சாய டின் ஒரு வாளிக்குள் நிற்கிறது. சனிக்கிழமை காலையில் லோரி கிளம்புவதற்கு முன், அதன் மூடியை அழுத்திப் பார்ப்பது என் வேலை.