நீதிபதி எழுதிய நீதிமன்ற வரலாறு

உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோதே ஜேம்ஸ் ஃபூங் ஒரு வரலாற்று நூல் எழுதினார். 1786 முதல் 1993 வரையிலான மலேசிய நீதித்துறையின் பதிவு அது. ஆங்கிலத்தில், 1994இல் வெளிவந்தது.

ஏன் 1786? ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால்வைத்த ஆண்டு. ஆனால், 1807இல் அரச சாசனம் கிடைத்த பிறகே அங்கு முறையான நீதிமன்றம் வந்தது. அதுவரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக, வழக்காடியவர்கள் பாடு என்னவோ!

நம் மேல்முறையீடுகள் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போவது 1985இல்தான் அடியோடு நின்றது. டத்தாரான் மெர்டேக்கா எதிரிலுள்ள சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் நாட்டின் உச்ச நீதிமன்றமே இயங்கிய காலமும் உண்டு. நூலாசிரியர் ஃபூங் பின்னர் நாட்டின் மிக உயர்ந்த கூட்டரசு நீதிமன்றம் வரை உயர்ந்தார்.

தமிழர்களில் இப்படி நூல் எழுதிய நீதிபதி உண்டா? இந்தியாவில் மலாயாவின் தூதராகவும் பிறகு உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்த செல்வசிங்கம் மெக்கின்டையர், 1973இல் தம் நினைவுகளை நூலாக்கினார்.